போட்ட அரிசி செல்லாது

கல்லுமேட்டுத் தோட்டத்தில் குடும்பம் என்றால் என்ன என்று கண்டுபிடிப்பதற்கு நான்கு கூட்டமும் ஒரு பட்டிமன்றமும் இரண்டு ஆடும் தேவைப்பட்டன. ஆட்டைத் தின்றவர்களுக்கு இன்னமும் அது என்னவென்று தெரியாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். பெடாஸ் டவுனிலிருந்து ஆறு கல் உள்ளே தள்ளி இருந்த எங்கள் தோட்டத்தைக் கம்பெனி விற்றுவிட்டது. வாங்கியவன் ரப்பர்ப் பால்மரத்தையும் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளையும் சாய்த்துவிட்டுக் கோல்ஃப் மைதானம் போடப்போகிறான் என்றார்கள். பந்தை அடித்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்து போகிற விளையாட்டாம். நாங்கள் அறுபது வருஷமாக மரத்தின் பின்னால் நடந்தோம், அதை யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. போகட்டும். லயத்தில் இருந்தவர்களுக்கு ரோட்டோரமாக முப்பத்திரண்டு கல்வீடு கட்டித் தருவதாக ஒப்பந்தம். குடும்பத்துக்கு ஒரு வீடு. எது குடும்பம் என்பதைத் தோட்டத்துக் கோயில் குழுவே எழுதிக் கொடுக்கட்டும் என்று புது துரை சொல்லிவிட்டார்.

குழுவுக்குத் தலைவர் நல்லசாமி. வேலைக்காரர்களை மேய்த்த முன்னாள் மண்டோர். கோயிலுக்கும் அவர்தான் தலைவர், கட்சிக் கிளைக்கும் அவர்தான், பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கும் அவர்தான். இவர் கையெழுத்து இல்லாமல் எங்கள் தோட்டத்தில் செய்ய முடிந்தது சாவது ஒன்றுதான். அதற்கும் இரங்கல் கூட்டம் வைத்து இவரே பேசுவார். செயலாளர் ராமகிருஷ்ணன், ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. யார் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்ளும் ஆள்.

முதல் கூட்டத்திலேயே முப்பது குடும்பம் முடிவாகிவிட்டது. அதில் இரண்டு குடும்பம் நல்லசாமியுடையது. தோட்டத்தில் ஒரு சம்சாரம், கோலா கிளாவாங்கில் ஒரு சம்சாரம். இரண்டு இடத்திலும் அடுப்பு எரிவதால் இரண்டு குடும்பம், இரண்டு வீடு என்று ராமகிருஷ்ணன் படித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை.

பதினோராம் நம்பர் என் வீடு. வீரமுத்து, தனியாள் என்று எழுதினார்கள். என் சம்சாரம் செல்லம்மா போய் ஒன்பது வருஷம், பிள்ளை கிடையாது. தனியாளுக்கு வீடு இல்லை. அறுபத்தேழு வயசில் நான் எங்கே போவது என்று கேட்டேன். அது இன்றைய அஜெண்டாவில் இல்லை என்றார் ராமகிருஷ்ணன்.

பன்னிரண்டாம் நம்பருக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த வீட்டில் இருந்தவர்கள் தாயம்மாவும் பஞ்சாலையும்.

அவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எழுபதாம் வருஷம் தைப்பூசம் முடிந்த அடுத்த வாரம், முனியாண்டி கோயிலில் வைத்துத் தாயம்மா பஞ்சாலைக்கு மஞ்சள் கயிறு கட்டினாள். இரண்டு பேரும் பொம்பளைகள்தான். தாயம்மா எங்கள் தோட்டத்திலேயே பிறந்து, பால் எடுக்க மரம் வெட்டியவள். பஞ்சாலை புக்கிட் பெலண்டோக் பக்கத்திலிருந்து புல் வெட்டுகிற கும்பலோடு வந்தவள். அப்போது கங்காணியாக இருந்தவர் நல்லசாமியின் அப்பா. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு பேரும் காலையில பெரட்டுக்கு வந்துருவீங்கல்ல?"

"வந்துருவோம்ங்க."

"அப்புறம் என்னா லா. கட்டு."

மறுநாள் விடிகாலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு இரண்டு பேரும் வந்து நின்றார்கள். விவகாரம் அதோடு முடிந்தது. கயிறு கட்டின அன்றைக்குப் பந்தியில் ரசம் ஊற்றியவன் நான். மூன்று தரம் உட்கார்ந்து சாப்பிட்டவர் நல்லசாமி. அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, கோழி வளர்ந்தது, சண்டை வந்தது, சமாதானம் வந்தது. செல்லம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மூன்று மாதம் அவளைக் குளிப்பாட்டி விட்டவள் பஞ்சாலை. அப்போதெல்லாம் இது குடும்பமா என்று ஒரு பயலும் கேட்கவில்லை.

"இது எப்படிங்க?" என்றார் ராமகிருஷ்ணன். "ஒரு வீட்ல ரெண்டு பொம்பள. புருசன் பேருக்கு எதிர்ல என்னா எழுதறது?"

"தாயம்மானு எழுது" என்றாள் தாயம்மா. வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது பொம்பள பேரு."

"நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கலியே."

சட்டம் ஒத்துக்கொள்ளாது என்றார் ராமகிருஷ்ணன். எண்பத்திரண்டில் பதிவுச் சட்டம் வந்துவிட்டதாம். தாயம்மா விடவில்லை. "அதுக்கு முன்னாடி கட்டினவங்களுக்கெல்லாம் பேப்பர் வேணாம், ரெண்டு சாட்சி போதும்னு நீங்கதானே கொஞ்ச முன்னாடி சொன்னீங்க? இந்த லயத்துல பாதிப் பேருக்குப் பேப்பர் கெடையாது. எங்களுக்கும் சாட்சி இருக்கு. வீரமுத்து அண்ணன் ஒண்ணு, தலைவர் ஒண்ணு."

நல்லசாமி தொண்டையைச் செருமினார். "நான் சாப்பிடத்தான் வந்தேன். சாட்சிக்கு வரல."

"மூணு தரம் சாப்ட்டீங்க."

"பசி வேற, பண்பாடு வேற" என்றார் நல்லசாமி. ராமகிருஷ்ணன் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கட்டப்போவது முப்பத்திரண்டு வீடு, குடும்பம் முப்பது. இரண்டு வீடு மிச்சம் கிடந்தது. கொடுத்துத் தொலைத்தால் யாருக்கும் ஒரு செங்கல் குறைந்திருக்காது. ஆனால் குழு என்று ஒன்று இருந்தால் அதற்கு வேலை வேண்டும். அடுத்தடுத்து மூன்று கூட்டம் போட்டார்கள், வந்தவர்களுக்கு இரண்டு ஆடு அடித்தார்கள். மூன்றாவதில் நல்லசாமி எழுந்து நின்றார்.

"நம்ம நாடு ஜனநாயக நாடு. யாரையும் நாம வெரட்டல. பொதுவுல பேசுவோம், கை தூக்குவோம். பெரும்பான்மை என்னா சொல்லுதோ அதான் அவங்க வாழ்க்கை."

எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையையும் உங்கள் வாழ்க்கையையும் இப்படிக் கூட்டத்தில் வைக்கலாமா என்று கேட்க எனக்கு வாய் வந்தது. தனியாளுக்குப் பேச உரிமை இல்லையாம். நாற்காலி தூக்கச் சொன்னார்கள். தூக்கினேன்.

பட்டிமன்றம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. மஞ்சள் துணியில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டார்கள்: "இரு பெண்கள் இணைந்து வாழ்வது திருமணமா? மாபெரும் பட்டிமன்றம். அனைவரும் வருக." கீழே கோழி பிரியாணி உண்டு என்று எழுதியிருந்தது. பெடாசிலிருந்தும் தம்பினிலிருந்தும் மோட்டாரிலும் லாரியிலும் வந்து இறங்கினார்கள். எங்கள் தோட்டத்தில் மின்சாரம் வேண்டும் என்று கூட்டம் போட்டபோது பதினான்கு பேர் வந்திருந்தார்கள்.

நடுவர் சிரம்பானிலிருந்து வந்தார். வள்ளியப்பன் என்று பேர், ஜவுளிக்கடைக்காரர். மாலை, பொன்னாடை, அறிமுக உரை, அறிமுக உரை ஆற்றியவருக்கு மாலை, மாலை வாங்கிக் கொடுத்தவருக்கு நன்றி என்று ஒரு மணி நேரம் போனது. தாயம்மாவும் பஞ்சாலையும் வாசலுக்கு வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சாலைக்கு முட்டி வீங்கி நடக்க முடியாது. நான் அவளுக்கு ஒரு நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். அது குடும்பத் தலைவர்களுக்கான நாற்காலி என்று ராமகிருஷ்ணன் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

"நாங்க எப்பங்க பேசறது?" என்று பஞ்சாலை அவரிடம் கேட்டாள்.

"குடும்பத் தலைவருங்கதாம்மா பேசலாம். நீங்க குடும்பம்னு முடிவானதும் தாராளமாப் பேசுங்க."

"முடிவான அப்புறம் பேச என்னா இருக்கு?"

"நன்றியுரை இருக்கே" என்றார் ராமகிருஷ்ணன்.

திருமணமே என்ற பக்கத்தில் பேச ஆள் கிடைக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு வாத்தியாரைப் பிடித்தார்கள். அவர் எழுந்ததும் சொன்னார், "சீட்டு விழுந்ததால பேசறேன். எனக்கு இதுல உடன்பாடு இல்ல. என் சம்சாரமும் வந்திருக்காங்க." அவ்வளவுதான். சபை பத்து நிமிஷம் சிரித்தது. மிச்ச நேரம் அவர் தமிழின் இனிமையைப் பற்றிப் பேசி உட்கார்ந்தார்.

மறுபக்கத்துக்கு நல்லசாமியே பேசினார்.

"ஒரு ஆணுக்கு ஒரு பொண்ணு. இதான் நம்ம பண்பாடு. இத நான் தோட்டத்துலயும் சொல்லுவேன், கோலா கிளாவாங்லயும் சொல்லுவேன்."

கோலா கிளாவாங் என்றதும் அவருடைய முதல் சம்சாரம் எழுந்து வெளியே போனார். நல்லசாமி கவனிக்கவில்லை.

"குடும்பம்னா என்னா? ஆம்பள சம்பாதிக்கணும், பொம்பள பொங்கணும். இந்தத் தாயம்மா என்னா பண்றா? தானும் மரம் வெட்டறா, அவளும் முட்டி வீங்கறவரைக்கும் வெட்டுனா, ரெண்டு பேரும் சேர்ந்து பொங்கறாங்க. யாரு யாருக்கு அடங்கறதுனே தெரியல. அடங்க ஆள் இல்லாத வீட்ட எப்படிங்க குடும்பம்னு சொல்றது?"

ஆம்பளைகள் கை தட்டினார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் தட்டவில்லை. ஒருத்தி மட்டும் "அடேங்கப்பா" என்றாள்.

"இன்னிக்கி இதுக்கு எடம் குடுத்தா," நல்லசாமி விரலை ஆட்டினார், "நாளைக்கு ஒருத்தன் மரத்தக் கல்யாணம் பண்ணிக்கிறேன்னு வந்து நிப்பான். அதுக்கும் தாலியா?"

மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் வாசலிலிருந்து தாயம்மாவின் குரல் வந்தது.

"தலைவரே! போன வருசம் உங்க பையனுக்குத் தோசம்னு வாழ மரத்துக்குத் தாலி கட்ட வச்சீங்களே, இதே மண்டபத்துலதான? நாயனம் வச்சீங்க, சோறு போட்டீங்க. அந்த வாழ மரம் பேரு வீட்டு லிஸ்ட்ல இருக்குதா?"

சிரிக்கலாமா கூடாதா என்று எல்லோரும் நல்லசாமியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"அது பரிகாரம்" என்றார் நல்லசாமி. "அப்புறம் அந்த மரத்த வெட்டிட்டோம்."

"அதான பயமா இருக்கு" என்றாள் தாயம்மா.

குடும்பத் தலைவர் அல்லாதவர் குறுக்கே பேசியது செல்லாது என்று ராமகிருஷ்ணன் அறிவித்தார்.

கடைசியில் வள்ளியப்பன் தீர்ப்பு சொன்னார். பொன்னாடையை ஒருதரம் சரிசெய்துகொண்டார். "அந்த ரெண்டு அம்மாவையும் நாம வெறுக்கல. சேர்ந்து இருக்கட்டும். சேர்ந்து சாப்பிடட்டும். நோவு வந்தா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கட்டும். வயசானா ஒருத்தர் மடியில ஒருத்தர் உசுர விடட்டும். இதெல்லாம் மனுச நேயம். ஆனா அதுக்குக் கல்யாணம்னு பேரு வச்சிட்டா, இதெல்லாம் பண்ணாமலே கல்யாணம் பண்ணிட்டு இருக்கற நம்ம மாதிரி ஆளுங்க நெலம என்னா ஆவறது?"

இதைவிட உண்மையாக அன்றைக்கு ஒருத்தரும் பேசவில்லை. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை. கை தட்டல் ஓயவே இல்லை.

பிறகு கை தூக்கினார்கள். முப்பது குடும்பம், முப்பது ஓட்டு. நல்லசாமி இரண்டு குடும்பத்துக்குத் தலைவர் என்பதால் இரண்டு கையையும் தூக்கினார். எதிர்ப்பு இருபத்தாறு. ஆதரவு மூன்று. ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் பண்பாட்டின் பக்கம்தான் இருப்பார் என்று இருபத்தேழாக எழுதிக்கொண்டார்கள்.

மறுவாரம் ஆபீஸுக்கு வரச்சொல்லி எனக்கு ஆள் வந்தது. போனேன். நல்லசாமி என்னை உட்காரச் சொன்னார். நாற்காலியில் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"வீரமுத்து, உனக்கும் வீடு இல்ல. அவங்களுக்கும் இல்ல. பாவமா இருக்கு. கிராணி ஒரு வழி கண்டுபுடிச்சிருக்காரு."

ராமகிருஷ்ணன் நோட்டைப் பார்த்துப் படித்தார். "பன்னிரண்டாம் நம்பர் பஞ்சாலையைப் பதினோராம் நம்பர் வீரமுத்து மணந்துகொள்வது. தாயம்மாவை உடன் தங்கும் உறவினர் என்று சேர்ப்பது. ஒரு குடும்பம், ஒரு வீடு. ஏகமனதாக நிறைவேறியது."

"எப்ப நெறவேறிச்சு?"

"முந்தாநேத்து."

"என்னக் கேக்கலியே."

"நீ தனியாளு" என்றார் ராமகிருஷ்ணன்.

"பஞ்சாலையக் கேட்டீங்களா?"

நல்லசாமி சிரித்தார். "பொண்ணக் கேட்டா இந்தத் தோட்டத்துல எவனுக்கய்யா கல்யாணம் ஆகியிருக்கும்?"

இதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டேன். அஞ்சு நிமிஷம் என்றார்கள். இருபத்தொரு வருஷம் ஒன்றாக இருந்தவர்களைக் கல்யாணம் ஆனவர்களா என்று பார்க்க நான்கு கூட்டம், இரண்டு ஆடு. அவளை ஒரு நாளும் அப்படி நினைத்துப் பார்க்காத கிழவனுக்குக் கட்டிவைக்க அஞ்சு நிமிஷம், ஒரு தேத்தண்ணி. அந்தத் தேத்தண்ணியிலும் சீனி இல்லை.

நான் நேராகப் பன்னிரண்டாம் நம்பருக்குப் போனேன். தாயம்மா விறகு பிளந்துகொண்டிருந்தாள். சொன்னேன். கத்தியைக் கீழே போட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்திருந்த பஞ்சாலையைக் காட்டினாள்.

"அண்ணே, இவ முட்டியப் பாத்தீங்கல்ல? நவம்பர்ல லயத்த இடிச்சா அந்த மழைக்கு இவள நான் எங்க தூக்கிட்டுப் போவேன்? பேப்பர்ல நீங்க புருசனா இருங்க. எனக்கு என்னா கொறஞ்சிரப் போவுது?"

"நீ என்னாம்மா சொல்ற?" என்று பஞ்சாலையைக் கேட்டேன். அவளைக் கேட்டது நான் ஒருத்தன்தான்.

"கையெழுத்துத்தான? போடறேன். ஆனா உங்களுக்கு நான் சோறு ஆக்க மாட்டேன். நீங்க ரொம்ப நொட்டை சொல்ற ஆளு, செல்லம்மாக்கா சொல்லியிருக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். காரியம் எளிதில் முடிந்திருக்கும். ஆனால் வெறும் கையெழுத்து போதாது என்று குழு சொல்லிவிட்டது. பண்பாட்டுப்படி கோயிலில் தாலி கட்டி, ஊர் பார்க்க நடந்தால்தான் பட்டியலில் ஏறும். ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை பத்து மணி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சிரம்பானிலிருந்து நாயனக்காரரையும் மேளக்காரரையும் கூட்டி வந்தார்கள்.

எனக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டார்கள். தலைப்பாகை வைத்தார்கள். முனியாண்டி கோயில் முன்னால் என்னை மாட்டுப்பொங்கல் மாடு மாதிரி நிறுத்தினார்கள். பஞ்சாலையை ஒரு முக்காலியில் உட்காரவைத்தார்கள். தாயம்மா அவள் பின்னால் நின்றாள், உடன் தங்கும் உறவினர் என்ற முறையில். குடும்பத் தலைவர்கள் எல்லோரும் கையில் மஞ்சள் அரிசியோடு சுற்றி நின்றார்கள். புதுத் தாலிக் கயிறு தட்டில் வந்தது. எடுத்துக் கையில் பிடித்தேன்.

"இரு" என்றார் நல்லசாமி. "கழுத்துல என்னா அது?"

பஞ்சாலையின் கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

"அதக் கழட்டும்மா. பழசு இருக்கறப்ப புதுசு கட்டக் கூடாது."

"இது பழசு இல்லீங்க. ஆடிப்பெருக்குக்குத்தான் தாயம்மா புதுக் கயிறு மாத்துச்சு."

"யாரு மாத்துனா என்னா, கழட்டு."

பஞ்சாலை கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள். "கையெழுத்துப் போடச் சொன்னீங்க, போடறேன்னேன். பேரு மாத்தச் சொன்னீங்க, மாத்திக்கறேன்னேன். இதக் கழட்ட மாட்டேன். இது மேலயே கட்டறதா இருந்தா கட்டுங்க."

"வீடு வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்பக் கழட்டு!"

"உசுரோட இருக்காங்க, என் பின்னாலதான் நிக்கிறாங்க. நான் எதுக்குக் கழட்டணும்?"

பொம்பளைகள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ராமகிருஷ்ணன் ஓடிவந்து நல்லசாமியின் காதில் கிசுகிசுத்தார். ஒரு கழுத்தில் இரண்டு தாலி இருக்கலாமா என்று குழு அங்கேயே அவசரக் கூட்டம் போட்டது. கூட்டத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கை இருக்கிறதா என்று தலையை எண்ணத் தொடங்கினார்கள்.

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு வீடு வேண்டும். மழையில் படுக்க எனக்கும் பயம்தான். ஆனால் நான் செல்லம்மாவைத் தவிர யார் கழுத்தையும் தொட்டவன் இல்லை. இந்தக் கழுத்துக்கு ஆள் இருக்கிறது, பக்கத்திலேயே நிற்கிறது. அதன் எதிரில் நின்று இப்படி ஒரு வேலையை அறுபத்தேழு வயசில் செய்து, அந்த வீட்டில் போய் எப்படித் தூங்குவது?

"அண்ணே" என்றாள் தாயம்மா மெதுவாக. "அத இப்படிக் குடுங்க."

கொடுத்தேன்.

தாயம்மா முன்னால் வந்து குனிந்தாள். கயிற்றைப் பஞ்சாலையின் கழுத்தில் வைத்து முடிச்சுப் போட்டாள். மேளக்காரர் வெளியூர் ஆள், அவருக்கு எங்கள் பண்பாடு தெரியாது. கழுத்தில் கை போனதும் கெட்டிமேளம் கொட்ட வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும். கொட்டினார்.

மேளச் சத்தம் கேட்டதும் அரிசி பறந்தது. யாரும் யோசிக்கவில்லை. சின்ன வயசிலிருந்து பழகிய கை. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் போட்டார்கள், தூங்கிப்போன ஆள் போட்டார், ராமகிருஷ்ணன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போட்டார். நல்லசாமி ஆள் எண்ணிக்கொண்டே திரும்பி இரண்டு கையாலும் போட்டார். "நல்லா இருங்க" என்று வாய் தானாகச் சொல்லியும் விட்டது.

மேளம் நின்ற பிறகுதான் என்ன நடந்தது என்று பார்த்தார்கள்.

"நிறுத்துங்க!" என்று கத்தினார் நல்லசாமி. "போட்ட அரிசி செல்லாது!"

பிறகு குழு கூடியது. தவறுதலாகக் கையிலிருந்து விழுந்த அரிசி ஆசீர்வாதம் ஆகாது என்று தீர்மானம் போட்டார்கள். விழுந்ததைத் திரும்ப எடுத்தால்தான் தீர்மானம் பலிக்கும் என்று ஒரு குடும்பத் தலைவர் திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறியது. வெள்ளை வேட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர் மண்ணில் குனிந்து அரிசி பொறுக்கியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். தாயம்மா வீட்டுக் கோழிகள் அவர்களை முந்திக்கொண்டன.

நல்லசாமி என்னிடம் வந்தார். "வேட்டிய அவுத்து வச்சுட்டுப் போ. ஒனக்கு வீடு கெடையாது."

"வேட்டிக்கு எத்தன கூட்டம் போடுவீங்க?" என்று கேட்டேன். அவுத்துக் கொடுத்துவிட்டுக் கால்சட்டையோடு வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் மூன்று பேரையும் பட்டியலில் அடித்துவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டு வீட்டில் ஒன்று நல்லசாமியின் மகனுக்குப் போனது. இன்னொன்றில் குழுவுக்கு ஆபீஸ் போட்டார்கள். குடும்ப நலக் குழு என்று பலகை எழுதித் திறப்பு விழாவும் வைத்தார்கள். வள்ளியப்பன் வந்து ரிப்பன் வெட்டினாராம்.

நவம்பர் மழையில் லாரி பிடித்து மூன்று பேரும் சாமானை ஏற்றினோம். பஞ்சாலையைத் தாயம்மா முதுகில் தூக்கி லாரியில் உட்காரவைத்தாள். பெடாஸ் பாசார் சந்தைக்குப் பின்னால் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளியிடம் பலகை வீடு ஒன்று வாடகைக்கு இருந்தது. கிழவர் குடை பிடித்துக்கொண்டு வந்து எங்கள் மூன்று பேரையும் மேலும் கீழும் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். அண்ணன் தங்கை என்பதா, மச்சினி என்பதா. தாயம்மாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய் இருக்கா?" என்று கேட்டார் தவுக்கே.

"இல்ல" என்றேன்.

"பாகுஸ் லா, நல்லது. பின்னால என் வாத்து இருக்கு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.